தண்ணீர் 'பெர்ஃபெக்ட்', பவளம் பட்டினி: மீன் தொட்டியில் பூஜ்ஜியத்தைத் துரத்துவது ஏன் தவறு?

டெஸ்ட் கிட்டின் குப்பியில் சொட்டுகளை விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்தும் நிறம் ஏறவில்லை. நைட்ரேட் 0. பாஸ்பேட் 0. கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கும் பலருக்கு இது கொண்டாட வேண்டிய தருணம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "சூப்பர் ப்ரோ, தண்ணி செம க்ளீன்" என்று பாராட்டு குவியும். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் அதே குழுவில் வேறொரு கேள்வியோடு வருவார்: "தண்ணி எல்லாம் பெர்ஃபெக்டா இருக்கு. ஆனா பவளம் ஏன் வெளுத்துக்கிட்டே போகுது?"

பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் அப்படி 'பெர்ஃபெக்ட்'டாக இருப்பதுதான் சிக்கல். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அழுக்கு என்றும், அவை இல்லாத தண்ணீரே நல்ல தண்ணீர் என்றும் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. அது பாதி உண்மை. பாதி உண்மையை முழுதாக நம்பியதற்கான விலையைப் பவளங்கள் கொடுக்கின்றன.

பவளம் என்ன சாப்பிடுகிறது?

பவளம் பார்க்கச் செடி மாதிரி, தொட்டால் கல் மாதிரி. ஆனால் அது விலங்கு. ஒரு பவளத் துண்டு என்பது பாலிப் எனப்படும் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்த ஒரு காலனி. ஒவ்வொரு பாலிப்பின் திசுவுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. இவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தங்கியிருக்கும் வீட்டுக்கே வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. பல வகைப் பவளங்களுக்கு அன்றாடச் சக்தியில் பெரும்பங்கு இப்படித்தான் கிடைக்கிறது.

ஆனால் சர்க்கரையை மட்டும் வைத்து உடம்பு வளராது. புரதம் கட்ட நைட்ரஜன் வேண்டும். டிஎன்ஏ உருவாகவும் செல்களின் சவ்வு உருவாகவும் பாஸ்பரஸ் வேண்டும். பவளத்துக்கும் வேண்டும், அதற்குள் இருக்கும் பாசிக்கும் வேண்டும். பாலிப்புகள் மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்றும் இவற்றைப் பெறுகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியம், நைட்ரேட், பாஸ்பேட் வழியாகவும் பெறுகின்றன.

பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பவள ஆய்வகம் நடத்தும் யோர்க் வீடன்மன், சிசிலியா டி'ஆஞ்செலோ குழுவினர் 2023-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சுவாரசியமான முடிவை வெளியிட்டனர். தண்ணீரில் கரைந்த சத்துகளை எடுத்துக்கொண்டு உள்ளே பாசி பெருகுகிறது. அதில் ஒரு பகுதியைப் பவளம் செரித்து, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதாவது பவளம் தனக்குள் ஒரு தோட்டம் போட்டு, அதிலிருந்து கீரை பறித்துச் சாப்பிடுகிறது. அந்தத் தோட்டத்துக்கு உரமே போகவில்லை என்றால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடலில் குறைவாகத்தானே இருக்கிறது?

நியாயமான கேள்வி. வெப்பமண்டலப் பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள நீரில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே மிகச் சொற்பம். பாஸ்பேட் லிட்டருக்கு 0.01, 0.02 மில்லிகிராம் என்ற அளவில்தான் பல இடங்களில் இருக்கும். சத்தே இல்லாத தண்ணீரில் இத்தனை உயிர்கள் எப்படிச் செழிக்கின்றன என்ற இந்தப் புதிருக்கு 'டார்வினின் முரண்' என்றே பெயர்.

இதைப் புரிந்துகொள்ள வங்கிக் கணக்கை யோசித்தால் போதும். மாதக் கடைசியில் இருவர் கணக்கிலும் பேலன்ஸ் ஆயிரம் ரூபாய். ஒருவருக்கு மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வருகிறது. வந்த வேகத்தில் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விடுகிறது. இன்னொருவருக்குச் சம்பளமே இல்லை. பேலன்ஸ் ஒன்றுதான்; வாழ்க்கை ஒன்றல்ல.

கடற்பாறை முதல் ஆளைப் போன்றது. இரவும் பகலும் நீரோட்டம் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆயிரக்கணக்கான மீன்கள் பவளக் கிளைகளுக்கு நடுவே கழிவை விடுகின்றன. வந்த சத்து வந்தவுடன் உறிஞ்சப்படுகிறது. அதனால்தான் தண்ணீரை அளந்தால் குறைவாகத் தெரிகிறது. வீட்டுத் தொட்டியில் இரண்டு சின்ன மீன், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகைத் தீவனம், அதன் மேல் 24 மணி நேரமும் ஓடும் புரோட்டீன் ஸ்கிம்மர், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுக் குருணை. இது இரண்டாவது ஆள். வருமானம் இல்லை, செலவு மட்டும் நிற்கவில்லை.

டெஸ்ட் கிட் காட்டுவது பேலன்ஸை மட்டும்தான். வரவையும் செலவையும் அது காட்டாது. பூஜ்ஜியத்தைக் கொண்டாடுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

இந்த மோகம் எங்கிருந்து வந்தது?

அதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய பாணி வடிகட்டிகளில் மீன் கழிவு நைட்ரேட்டாக மாறி, அப்படியே தேங்கிக்கொண்டே போகும். மீன் தாங்கும், பவளம் தாங்காது. 1980-களில் ஜெர்மனியிலிருந்து பரவிய 'பெர்லின் முறை' அதை மாற்றியது. நுண்ணுயிர்கள் குடியேறிய லைவ் ராக், வலுவான ஸ்கிம்மர், நல்ல வெளிச்சம் என்ற மூன்றையும் வைத்துக் கல் பவளங்களை வீட்டிலேயே வளர்க்க முடிந்தது. சத்தைக் குறைத்ததால் கிடைத்த வெற்றி அது. அன்றைக்கு அது சரியான பாடம்.

பிறகு பாடம் அளவுக்கு மீறிப் போனது. 2000-களில் வோட்கா, வினிகர் போன்றவற்றைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட்டு, அந்தக் கார்பனைத் தின்னும் பாக்டீரியாக்களைப் பெருக்கி, அவற்றின் மூலம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வழித்தெடுக்கும் முறைகள் பிரபலமாயின. மிகக் குறைந்த சத்துள்ள தொட்டிகளில் பவளங்கள் மென்மையான இளஞ்சிவப்பு, இளநீலம், எலுமிச்சை மஞ்சள் என்று மின்னின. புகைப்படங்கள் உலகம் சுற்றின. எல்லோருக்கும் அந்த நிறம் வேண்டும் என்ற ஆசை வந்தது.

அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது. பவளத்துக்குள் இருக்கும் பாசி பழுப்பு நிறம். பாசி குறைந்தால் பழுப்பு விலகி, பவளத்தின் சொந்த நிறமிகள் வெளியே தெரியும். அதே சவுத்தாம்ப்டன் குழுவினர் 2020-ல் 'கரண்ட் பயாலஜி' இதழில் விளக்கியதுபோல, பாசியை இழக்கும் சில பவளங்கள் பளிச்சென்ற நிறமிகளைக் கூடுதலாகத் தயாரிக்கின்றன. மீதமுள்ள பாசியையும் திரும்ப வரும் பாசியையும் வெயிலிலிருந்து காக்கும் குடை அது. ஆக, கண்ணைப் பறிக்கும் நிறம் எப்போதும் ஆரோக்கியத்தின் அறிகுறி அல்ல. சில நேரம் அது நெருக்கடியில் இருக்கும் உயிர் பிடித்த குடை. அதற்குத்தான் லைக்ஸ் விழுகிறது.

ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால்?

இரண்டும் குறைவாக இருப்பதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. நைட்ரேட் தாராளமாக இருந்து, பாஸ்பேட் காய்ந்து போவது. வீடன்மன் குழுவினர் 2013-ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நைட்ரஜன் கிடைத்ததும் பாசி வேகமாகப் பெருகுகிறது. பெருகிய கூட்டத்துக்குத் தேவையான பாஸ்பரஸ் இல்லை. செல்லின் சவ்வில் பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் சேர்ந்த கொழுப்பை வைத்துப் பாசி ஒப்பேற்றுகிறது. சாதாரண நாளில் வெளியே எதுவும் தெரியாது. வெப்பமோ வெளிச்சமோ கொஞ்சம் கூடினால் போதும், பவளம் வெளிறிவிடுகிறது.

வயல் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. யூரியாவை மட்டும் கொட்டினால் நெல் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். பார்க்க அழகு. ஒரு காற்றடித்தால் சாய்ந்துவிடும்.

2017-ல் வந்த அவர்களது அடுத்த ஆய்வு இன்னொரு விஷயத்தைச் சொன்னது. பாஸ்பேட் இருந்து நைட்ரஜன் குறைந்தால் பவளம் சமாளிக்கிறது; நைட்ரஜன் இருந்து பாஸ்பேட் குறைந்தால்தான் உறவு முறிகிறது. ஆனால் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படுவது பாஸ்பேட்டைப் பார்த்துத்தான். பாசி பிடித்துவிடும் என்ற அச்சத்தில் முதலில் காலி செய்யப்படுவதும் அதுவே.

தண்ணீரில் இரண்டும் காலியானால் பாசித் தொல்லையாவது ஒழியும் என்று நினைத்தால் அதுவும் நடப்பதில்லை. பூஜ்ஜியம் காட்டும் தொட்டிகளில்தான் மணல் மேல் பழுப்புச் சளி போலப் படரும் டைனோஃபிளாஜெல்லேட் தொல்லை அடிக்கடி தலைகாட்டுகிறது என்பது இந்தத் துறையில் பலர் பட்டு அறிந்தது. போட்டிக்கு வரும் மற்ற பாசிகளும் பாக்டீரியாக்களும் பட்டினியில் ஒதுங்கிவிட, காலி மைதானத்தில் இவை ஆடுகின்றன. சிலவற்றின் நஞ்சு தொட்டி நத்தைகளைக் கூடக் கொல்லும்.

அப்படியானால் எவ்வளவு இருந்தாலும் சரியா?

இல்லவே இல்லை. ஹவாயின் கனியோஹே விரிகுடா இதற்கு உலகறிந்த சாட்சி. பல ஆண்டுகள் அங்கே கழிவுநீர் நேராகக் கலந்தது. குமிழ்ப் பாசி ஒன்று பவளங்களின் மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்து மூடியது. 1977-78-ல் கழிவுநீரை ஆழ்கடலுக்குத் திருப்பிவிட்ட பிறகு, சில ஆண்டுகளில் பாசி பின்வாங்கியது. பவளங்கள் மீளத் தொடங்கின.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் உள்ள ஒன் ட்ரீ தீவில் 1990-களில் நடந்த 'என்கோர்' பரிசோதனையில், சின்னச் சின்னப் பாறைத் திட்டுகளில் வேண்டுமென்றே நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டன. பவளங்கள் கூட்டமாகச் செத்துப்போகவில்லை. ஆனால் இனப்பெருக்கம் பாதிக்கப்பட்டது. பாஸ்பரஸ் சேர்த்த இடத்தில் கிளைகள் நீளமாக வளர்ந்தாலும் எலும்புக்கூடு அடர்த்தி குறைந்து, எளிதில் ஒடியும்படி ஆனது. பவளத்தின் கூடு சுண்ணாம்புப் படிகம். பாஸ்பேட் அதிகமானால் அந்தப் படிகம் ஒழுங்காக அடுக்கப்படுவதில் குறுக்கிடும்.

ஆக, பூஜ்ஜியமும் தப்பு, குப்பைத் தொட்டியும் தப்பு. இரண்டுக்கும் நடுவே போதுமான இடம் இருக்கிறது.

சரி, எந்த அளவு?

அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலர் இன்று ஏற்றுக்கொள்ளும் வரம்பு இது: நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் (பிபிஎம்), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை. இதைவிடக் கூடுதலாக வைத்தும் அருமையாகப் பவளம் வளர்ப்பவர்கள் உண்டு. அங்கே அளவு கூட இருந்தாலும் மாதக்கணக்கில் ஆடாமல் நிற்கும்.

'ரெட்ஃபீல்ட் விகிதம்' என்ற சொல் தொட்டிக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் கவனித்தது, கடலின் மிதவை உயிர்களில் சராசரியாக 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு இருக்கிறது என்பதை. நைட்ரேட், பாஸ்பேட் எடையாக மாற்றினால் அது சுமார் 10-க்கு 1. அணுக்கணக்கான 16-ஐ அப்படியே பிபிஎம்முக்குப் போட்டுக் குழம்புகிறவர்கள் ஏராளம். அதைவிட முக்கியம், அது மிதவை உயிர்களின் சராசரி. தொட்டிக்கான மருந்துச் சீட்டு அல்ல. 0.1-க்கு 0.01 என்றாலும் 10-க்கு 1 என்றாலும் விகிதம் ஒன்றே. முதலாவதில் பவளம் பட்டினி கிடக்கலாம். இரண்டாவதில் பாசி பிடுங்கித் தின்னும். விகிதத்துக்கு முன் இரண்டும் கைக்கு எட்டும் அளவில் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு கிராம் தீவனத்தின் கணக்கு

வரவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மீன் தீவனத்திலிருந்து. 300 லிட்டர் தொட்டியில் ஒரு கிராம் உலர் தீவனம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி புரதம், ஒரு சதவீதம் பாஸ்பரஸ் என்றால், முழுவதும் தண்ணீரில் கரைந்து சேரும்போது நைட்ரேட் சுமார் 1.2 பிபிஎம், பாஸ்பேட் சுமார் 0.1 பிபிஎம் ஏறும். ஒரே நாளில், ஒரே கிராமில்.

வாரத்துக்கு 7 கிராம் போட்டால் நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.7. வாரம் 10 சதவீதத் தண்ணீரை மாற்றினால் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் வெளியேறும். மீதியைப் பவளம், பாசி, பாக்டீரியா, ஸ்கிம்மர் எல்லாம் பங்கு போட்டு எடுக்க வேண்டும். இந்த வரவு-செலவைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும்: தண்ணீர் மாற்றுவது மட்டும் தீர்வல்ல, தீவனத்தைக் குறைப்பதும் எப்போதும் தீர்வல்ல. நன்றாகச் சாப்பாடு போட்டு, கழிவை நன்றாக வெளியேற்றுவதுதான் கடலுக்கு நெருக்கமான வழி. சம்ப்பில் கீட்டோமார்ஃபா பாசியை விளக்குப் போட்டு வளர்த்து அவ்வப்போது அறுவடை செய்வது இதற்கு எளிய உதாரணம்.

எண்ணை எவ்வளவு நம்பலாம்?

வண்ண அட்டையோடு ஒப்பிடும் கிட்டில் பாஸ்பேட் 0-க்கும் 0.03-க்கும் வித்தியாசம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. போதுமான அளவுக்கும் பட்டினிக்கும் இடையிலுள்ள கோடே அங்கேதான் ஓடுகிறது. டிஜிட்டல் கருவி உதவும். ஆனால் அதிலும் அலகைப் பார்க்க வேண்டும். சில கருவிகள் பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸை பிபிபி அளவில் காட்டும், அதை 3.07-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம். அதேபோல 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்று காட்டினால் 4.4-ஆல் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலை மறந்து மருந்து ஊற்றியவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் அல்ல.

ஒரு நாள் எண்ணைவிட எட்டு வாரத்தின் போக்குதான் பேசும். போனில் ஒரு நோட் போதும்: தேதி, நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை, பவளம் எப்படி இருக்கிறது. கடைசி வரிதான் முக்கியம். பாலிப் வெளியே நீட்டாமல் சுருங்கி, திசு மெலிந்து, நிறம் வெளிறிப் போனால் பெரும்பாலும் பசி. பவளம் அடர்பழுப்பாகி, கண்ணாடியில் தினமும் பாசி படிந்தால் சத்து மிகுதி.

எந்தப் பக்கம் திருத்தினாலும் மெதுவாகத் திருத்த வேண்டும். பாஸ்பேட் 0.3 இருக்கிறது என்று பதறி, உறிஞ்சும் குருணையைக் கைநிறையப் போட்டு ஒரே இரவில் பூஜ்ஜியமாக்கினால், 0.3-ல் நிம்மதியாக இருந்த பவளம் அந்த இரவில் செத்துப்போகலாம். தொட்டிப் பாறையும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறைய மெல்ல வெளியே விடும். வாரக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை மணிக்கணக்கில் செய்ய முடியாது. பூஜ்ஜியமாக இருந்தால் முதலில் உறிஞ்சும் பொருளை வெளியே எடுத்து, கார்பன் ஊற்றுவதை நிறுத்தி, தீவனத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அதிலும் நகராவிட்டால் மட்டுமே நைட்ரேட், பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும்.

வீட்டு அலங்காரமா, பொறுப்பா?

இவ்வளவும் பணக்காரப் பொழுதுபோக்கின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூலையில் ஃபுளோரிடா கடல் கொதித்தபோது, அங்குள்ள மீட்புக் குழுக்கள் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்துக் கரையில் உள்ள தொட்டிகளுக்குக் கொண்டுவந்தன. அழியும் விளிம்பில் இருக்கும் அட்லாண்டிக் தூண் பவளம் ஆய்வகத் தொட்டியில் முட்டையிட்டது 2019-ல், ஃபுளோரிடா அக்வாரியத்தில். அதற்குக் கைகொடுத்தது லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகம். சில இனங்களுக்குத் தொட்டிதான் இப்போது அடைக்கலம். அங்கே சத்தின் அளவைத் தவறாகக் கணித்தால் போவது ஒருவரின் வரவேற்பறை அழகு அல்ல, ஒரு இனத்தின் மிச்சம்.

இந்திய வாசகர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை உடைத்துத் தொட்டியில் வைப்பது குற்றம். "இது எங்கேயிருந்து வந்துச்சு, பேப்பர் இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்காமல் வாங்குகிறவர், தண்ணீரை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் பயனில்லை.

தொட்டியில் ஒரு பவளம் செத்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வாங்கப்படுகிறது. அது கடலிலிருந்து எடுக்கப்பட்டதாக இருந்தால், பட்டினி போட்ட தவறின் பில் கடலுக்குத்தான் போகிறது. அடுத்த முறை டெஸ்ட் கிட் நிறமே காட்டாமல் நின்றால், போட்டோ எடுப்பதற்கு முன் விளக்கு அணைந்த பிறகு ஒரு டார்ச்சோடு தொட்டியின் முன் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பாலிப்புகள் கை நீட்டி இரைக்குக் காத்திருக்கின்றனவா, சுருண்டு கிடக்கின்றனவா? குப்பி சொல்லாததை அவை சொல்லும்.